நாற்பத்தொன்றாவது லென்ஸ்

மணி ஒன்று நாற்பது. நான்கு மணிக்குள் நாற்பது லென்ஸ்களைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானில் பாதி அளவுதான்.

"தம்பி, ஏன் தரையையே பார்த்துக்கிட்டு வர்ற?" என்றார் அண்ணி.

"வழியில கிடந்தா பொறுக்கிக்கலாம்னுதான். கேஸ் முடிஞ்சா சாப்பிடப் போகலாமே."

"உன் தட்டுல கிடந்தாலும் உனக்குத் தெரியாது. நட."

என் அண்ணனின் மனைவி துப்பறிவாளர். அதற்கு முன் பதினோரு வருடம் தபால் இலாகாவில், முகவரி சரியில்லாமல் திரும்பி வந்த கடிதங்களைப் பிரித்து உரியவரைத் தேடும் மேஜையில் இருந்தவர். நான் அவருடைய கொழுந்தன், வண்டியோட்டி, பை தூக்கி, பேச்சுத் துணை. சீக்கிரம் வீட்டுக்குப் போகிறேன் என்றால் "இது ஆபீஸ்" என்பார். ஆபீசில் கொஞ்சம் மரியாதை கேட்டால் "நீ வீட்டுப் பிள்ளைதானே" என்பார்.

கண் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடிக் கதவில் நீளமான பட்டங்களோடு பெயர்ப் பலகை தொங்கியது. ஆனால் கீழே வாட்ச்மேன் முதல் மாடிப்படி துடைப்பவர் வரை எல்லோரும் எங்களுக்கு வழி சொன்னது "லென்ஸம்மா ரூமா?" என்று கேட்டுத்தான். இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை. கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைக்கிறார்களே செயற்கை லென்ஸ், அது கண்ணுக்குள் போனபிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது. சரிப்படாமல் வெளியே எடுக்கப்பட்ட லென்ஸ் எந்த ஊர்க்காரருடையதாக இருந்தாலும் கடைசியில் இவர் மேஜைக்கு வந்துவிடும்.

லென்ஸம்மா வெள்ளைக் கோட்டோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன. எதிரே, மூடி திறந்த பெட்டியில் நாற்பது கண்ணாடிக் குப்பிகள்.

"ஒரே மாடல் லென்ஸ்," என்றார். "கண்ணுக்குள்ள ஒரு சில வருஷம் இருந்தா மூட்டம் போடுது. அதைத்தான் விசாரணைக் குழுகிட்ட நிரூபிக்கணும். முந்தாநாள் சாயங்காலம் ஒவ்வொண்ணா நானே பார்த்தேன். நாற்பதும் பனி பிடிச்ச ஜன்னல் மாதிரி இருந்துச்சு. இன்னிக்குக் காலையில குழு முன்னாடி திறந்தா, எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. யாரோ மாத்திட்டாங்க."

"நாலு மணிக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"குழு மறுபடி கூடும். பதில் இல்லேன்னா என் அறிக்கை தள்ளுபடி. இந்த லேபைப் பூட்டிடுவாங்க. அதுகூடப் போகட்டும். விசாரணைக்காக இப்ப நிறுத்தி வச்சிருக்கற அந்த லென்ஸ், நாளைக்குக் காலையில மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிடும்."

அவர் குரல் நடுங்கவில்லை. விரல்கள்தான் கோட்டின் பொத்தானைத் திருகித் திருகி ஏறக்குறைய பிய்த்துவிட்டிருந்தன.

"பெட்டிக்கு சீல் வச்சது யாரு?"

"நான்தான். ஒட்டுத்தாள் மேல கையெழுத்தும் போட்டேன். காலையில அது கிழியாம அப்படியேதான் இருந்துச்சு."

"உள்ள அடுக்கினது?"

"டெக்னீஷியன், இதோ இந்த அம்மா. நேத்து நான் இல்ல. இயக்குநர் என்னைத் திடீர்னு கண் செக்கப்புக்குக் கூப்பிட்டாரு. ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்து போட்டதுல சாயங்காலம் வரைக்கும் கிட்டத்துல எதுவும் சரியாத் தெரியல. குப்பி மூடிகளைத் தடவி எண்ணிப் பார்த்துட்டு சீல் வச்சேன்."

சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய வலது கண்ணின் கருமணிக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம் மின்னி மறைந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"பயப்படாதீங்க தம்பி. எனக்கும் அதே லென்ஸ்தான்," என்றார். "ஒன்பது வருஷமாச்சு. இயக்குநரே வச்சாரு. வருஷா வருஷம் அவரேதான் பார்க்கிறாரு. லென்ஸ் தெளிவா இருக்குன்னுதான் ஒவ்வொரு தடவையும் எழுதுறாரு. கொஞ்ச நாளா அந்தக் கண் மங்கல்தான். வயசாகுது, நரம்புன்னாரு."

"அந்த லென்ஸை உங்க ஆராய்ச்சியில சேர்க்கலையா?" அண்ணி.

"ஆராய்ச்சி பண்றவ தன் உடம்பை அதுல சேர்க்கக் கூடாது. அது என் வழக்கம்."

அப்போது கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் டெக்னீஷியன் அம்மாள் எழுந்து நின்றதில், இவர்தான் இயக்குநர் என்று புரிந்தது. வெள்ளை முடி, மென்மையான குரல், சுத்தமான நகங்கள். இந்த நிலையத்தில் ஒன்பதாயிரம் பேருக்குத் தன் கையால் லென்ஸ் வைத்தவர் என்று கீழே படத்தோடு எழுதி மாட்டியிருந்தார்கள்.

"வெளியாளுங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்றார் லென்ஸம்மாவிடம். அதட்டலாக அல்ல, வருத்தமாக. "இருபத்தாறு வருஷப் பழக்கம், அதனால சொல்றேன். யாரும் எதையும் மாத்தல. மூட்டம் லென்ஸ்ல இல்லம்மா. உங்க கண்ணுல. குழுகிட்டயும் அதைத்தான் சொன்னேன். மரியாதையா ஓய்வு எடுத்துக்கோங்க."

கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாத்தினாங்களா இல்லையான்னு முதல்ல பார்த்துடுவோம்," என்றார் அண்ணி. "வெளிய எடுத்த லென்ஸ்ல அடையாளம் ஏதாவது இருக்குமா?"

லென்ஸம்மா இழுப்பறையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு லென்ஸ், பென்சிலில் வரைந்தது. கீழே கட்டம் போட்டு வைத்தவர், வைத்த தேதி, எடுத்தவர், எடுத்த தேதி. ஒவ்வொரு படத்திலும் லென்ஸின் குறுக்கே ஒரு வெட்டு.

"கண்ணுல நாம திறக்கற வாசல் மூணு மில்லிமீட்டர்கூட இருக்காது. லென்ஸ் ஆறு மில்லிமீட்டர். உள்ளயே கத்தரியால வெட்டித்தான் வெளிய எடுக்க முடியும். ஒவ்வொரு டாக்டர் வெட்டும் ஒவ்வொரு தினுசு."

"எங்க தெரு டெய்லர் மாதிரி," என்றேன். "அவர் வெட்டினா கை ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை."

"தம்பி, வாயை மூடிட்டு நுண்ணோக்கியில கண்ணை வை."

வைத்தேன். ஒரு குப்பியில் லென்ஸ் சரிபாதியாக இருந்தது. படத்திலும் சரிபாதி. அடுத்ததில் நடுவில் வந்து நின்றுபோன வெட்டு, லென்ஸைக் கண்ணுக்குள் பிடித்துவைக்கும் இரண்டு கொக்கிகளில் ஒன்று உடைந்திருந்தது. படத்திலும் அதே. மூன்றாவதில் வெட்டு வளைந்து, ஓரத்தில் பல் கடித்ததுபோல ஒரு சில்லு. நோட்டிலும் அந்தச் சில்லு. பன்னிரண்டு பார்த்தேன். பன்னிரண்டும் பொருந்தின.

எனக்கு ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி உற்சாகம். "அண்ணி, எல்லாம் அசல்தான். ஒண்ணும் திருடு போகல."

சொன்னபிறகுதான் லென்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கில் சூடு வைத்தால் தகும்.

"மாத்தலையா?" என்றார். மெல்ல எழுந்து, அவரே பார்த்தார். இடது கண்ணால், பிறகு வலது கண்ணால், மறுபடி இடது கண்ணால். "என் படம்தான். என் லென்ஸ்தான். அப்ப முந்தாநாள் நான் எதைப் பார்த்தேன்? இத்தனை வருஷமா எதைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்?"

டெக்னீஷியன் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாற்பது. நாங்கள் கண்டுபிடித்த முதல் உண்மை, எங்களை வரவழைத்தவரையே கவிழ்த்துவிட்டது. வாசலைப் பார்த்தேன். ஓடிவிடலாம்போல இருந்தது.

அண்ணி மட்டும் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். "இதுல தண்ணி அளவு லேபிளுக்கு மேல நிக்குது. அதுல பாதிதான். அளவே இல்லாம ஊத்தியிருக்கு. இவ்வளவு ஒழுங்கா படம் போடறவங்க இப்படியா ஊத்துவாங்க?"

"அது இன்னிக்கு அவசரத்துல ஊத்தினது," என்றார் லென்ஸம்மா. "காலையில திறந்தப்போ குப்பியெல்லாம் காஞ்சு கிடந்துச்சு. குழு ரூம்லயே குளிர்ந்த தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். அப்பவும் தெளிவுதான். அதனாலதான் மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

"முதல்ல இருந்த தண்ணியை வெளிய எடுத்தது யாரு?"

"நான்தான்," என்றார் டெக்னீஷியன் அம்மாள். "நேத்து டாக்டர் இல்லாதப்போ வந்த சுற்றறிக்கையில போட்டிருந்துச்சு. இது லேப் சட்டத்துக்கு விரோதமாச்சேன்னு தோணுச்சு. ஆனா குழு உத்தரவுன்னு இருந்துச்சே."

ஃபைலில் இருந்து ஒரு தாளை நீட்டினார். மூன்று நிபந்தனைகள். ஒன்று, பெட்டி சீல் வைக்கப்பட வேண்டும். இரண்டு, பட்டியல் இணைக்கப்பட வேண்டும். மூன்று, மாதிரிகள் திரவம் நீக்கி, ஒரு நாள் முழுதும் உலர்த்தி அனுப்பப்பட வேண்டும்.

அண்ணி அந்தத் தாளை வாசிக்கவில்லை. திருப்பிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். பதினோரு வருடப் பழக்கம் விடுமா?

"இது குழுவோட கடிதம் இல்ல. உங்க ஆபீஸ் தாள்."

"வெளியில இருந்து எந்தக் கடிதம் வந்தாலும் இயக்குநர் ஆபீஸ்ல மறுபடி டைப் அடிச்சு, சுற்றறிக்கையாத்தான் எங்களுக்கு வரும். இங்க எப்பவும் அப்படித்தான்."

"தம்பி," என்றார் அண்ணி. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கீழே குழுவின் செயலாளர் அறைக்கு மூன்று மாடி இறங்கி ஓடினேன். அசல் கடிதத்தின் நகல் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். "எங்க அண்ணிக்குக் கடிதம்னா உயிர், பிறந்தநாள் வேற," என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் நகல் தராமல் இருக்க முடியாது. மூன்று மாடி ஏறித் திரும்பி வந்தபோது மூச்சு இரைத்தது. மணி மூன்று பதினைந்து.

அசலில் இரண்டே நிபந்தனைகள்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் அண்ணி. "நடு வழியில ஒரு வரி முளைச்சிருக்கு. ஒருத்தர் மெனக்கெட்டு லென்ஸைக் காய வைக்கச் சொல்லியிருக்காருன்னா, விஷயம் தண்ணியிலதான் இருக்கு. டாக்டர், லென்ஸ் காஞ்சா என்ன ஆகும்?"

"காயவே கூடாது. கண்ணுல இருந்து வந்த நிமிஷத்துல இருந்து உடம்புச் சூட்டுத் தண்ணியிலதான் இருக்கணும். இருபத்தாறு வருஷத்துல இங்க ஒரு லென்ஸ்கூடக் காஞ்சதில்ல."

"அதனால காஞ்சா என்ன ஆகும்னு நீங்க பார்த்ததே இல்ல."

லென்ஸம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூட்டம்னு நான் சொல்றது லென்ஸுக்குள்ள இருக்கற தண்ணித் துளிங்க," என்றார் மெதுவாக, தனக்கே பாடம் நடத்துவதுபோல. "கண்ணுக்குத் தெரியாத அளவு துளி, ஆயிரக்கணக்குல. காய வச்சா துளி வத்திடும். துளி இல்லேன்னா லென்ஸ் தெளிவு. அப்புறம் குளிர்ந்த தண்ணி ஊத்தினா உடனே வராது. சூட்டுல ஊறி, லேசா ஆறினாத்தான் துளி திரும்பும்." நிமிர்ந்தார். "கம்பெனி லேப்ல லென்ஸை உலர்ந்த டப்பாவுல வச்சுத்தான் சோதிப்பாங்க. எங்களுக்கு மூட்டமே தெரியலையேன்னு அவங்க வருஷக்கணக்கா சொல்றது பொய் இல்ல. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"இப்ப ஊற வச்சா?"

"நாளைக்குக் காலையில தெரியும்."

"நமக்கு இருக்கறது நாற்பது நிமிஷம்," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொன்னதும் இல்லை.

"காயாத லென்ஸ் வேற ஒண்ணும் இல்லையா?" என்றார் அண்ணி.

"இல்ல. நாற்பதும் பெட்டிக்குள்ள போயிடுச்சு."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் என்னை ஒருவர் அப்படிப் பார்த்திருந்தால் செய்யாத தப்பையும் ஒத்துக்கொண்டிருப்பேன். பிறகு டெக்னீஷியன் அம்மாளிடம் திரும்பி, "நேத்துப் போட்ட அந்தச் சொட்டு மருந்து இங்க இருக்கா? டாக்டரோட வலது கண்ணுல போடுங்க. டாக்டர், உங்க சொந்தக் கண் ஃபைல் எங்க இருக்கும்?" என்றார்.

லென்ஸம்மாவுக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை. ஆனால் லென்ஸம்மா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். "வேண்டாம்," என்றார். "அப்படி இருக்காது. அவர் அப்படிச் செய்ய மாட்டாரு."

"செய்யலேன்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன். தலையை நிமிர்த்துங்க."

ஒரு சொட்டு விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டபோது கன்னத்தில் வழிந்தது மருந்து மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு மணிக்குக் குழு கூடியது. தலைவர் ஒரு வயதான பெண்மணி. ஒரு பக்கம் இயக்குநர், மறுபக்கம் லென்ஸ் கம்பெனியின் நிபுணர், கட்டையான ஆள், நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம். அறையின் மூலையில், நோயாளி தாடையை வைக்க எதிரிலிருந்து டாக்டர் கண்ணைப் பார்க்கும் மெஷின் இருந்தது. அதை மூன்றாம் மாடியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது அடியேன்.

அண்ணி முதலில் இரண்டு தாள்களைத் தலைவரிடம் கொடுத்தார். இயக்குநர் கொஞ்சமும் அசரவில்லை.

"டைப்பிங்ல ஏதோ தவறு நடந்திருக்கலாம். விசாரிக்கிறேன்," என்றார். "ஆனா லென்ஸ் ஈரமா இருந்தா என்ன, காஞ்சா என்ன? காலையில சொன்னதுதான். மூட்டம் அவங்க வலது கண்ணுல இருக்கு. அந்தக் கண்ணோட எதைப் பார்த்தாலும் மூட்டமாத்தான் தெரியும். பாவம்."

"உறுதியாத் தெரியுமா?" என்றார் அண்ணி.

"என் பேஷன்ட். எனக்குத் தெரியாதா?"

"நல்லது." அண்ணி ஃபைலைப் பிரித்தார். ஒன்பது சீட்டுகள், ஒன்பது வருடம், ஒரே கையெழுத்து. "நேத்து நீங்க எழுதினது இது. வலது கண், செயற்கை லென்ஸ் தெளிவு, மங்கல் துளியும் இல்லை. இதுக்கு முன்னாடி எட்டுச் சீட்டுலயும் இதேதான். சீட்டு நிஜம்னா அவங்க தெளிவான கண்ணால மூட்டத்தைப் பார்த்திருக்காங்க. காலையில நீங்க சொன்னது நிஜம்னா, அவங்க கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ்லயே மூட்டம் இருக்கு. எப்படிப் பார்த்தாலும் ரெண்டுல ஒண்ணு பொய்."

இயக்குநர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

"நாற்பது லென்ஸைக் காய வச்சாச்சு," என்றார் அண்ணி தலைவரிடம். "காய வைக்க முடியாத லென்ஸ் ஒண்ணு பாக்கி இருக்கு. எப்பவும் ஈரம், எப்பவும் உடம்புச் சூடு. எங்க பேச்சை நம்ப வேண்டாம். கம்பெனி நிபுணரே பார்க்கட்டும்."

லென்ஸம்மா மெஷினின் முன் உட்கார்ந்து தாடையை வைத்தார். அவர் வலது கருமணி மருந்தில் முழுதாக விரிந்து கறுப்பாக இருந்தது. கம்பெனிக்காரர் எதிரில் உட்கார்ந்தார். மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று அந்தக் கண்ணின் குறுக்கே நகர்ந்தது.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. அவர் கைப்பிடியைத் திருகினார், மறுபடி திருகினார். நெற்றிச் சுருக்கம் ஆழமாகிக்கொண்டே போனது. இந்த மனிதர் 'தெளிவு' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்வதால் இவருக்கு லாபம்தான்.

கடைசியில் முகத்தை எடுத்தார். எடுத்தவர் எங்களைப் பார்க்கவில்லை, லென்ஸம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் கண்ணோட எப்படிம்மா இத்தனை நாள் வேலை செஞ்சீங்க?" என்றார். பிறகு தலைவரிடம், "எங்க லென்ஸ்தான். முழுக்க மூட்டம். நிச்சயம் ஒரு வருஷத்துல வந்தது இல்ல," என்றார். "எங்க லேப்ல இதை நாங்க பார்த்ததே இல்ல."

லென்ஸம்மா தாடையை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

இயக்குநரிடம்தான் கேட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"மூணாவது வருஷமே பார்த்துட்டேன்," என்றார் அவர். இப்போதும் மென்மையான குரல்தான். "உங்க கண்ணுல இருந்தா எல்லார் கண்ணுலயும் இருக்கும். ஒன்பதாயிரம் கண்ணு. எல்லாம் என் கையால வச்சது. அந்தச் சீட்டுல வேற எழுத என்னால முடியல." கொஞ்சம் நிறுத்தி, "உங்க லென்ஸை நானே எடுத்துடறேன். பத்திரமா எடுப்பேன். தெரியும்ல?" என்றார்.

"இல்ல," என்றார் லென்ஸம்மா. "நீங்க தொட வேண்டாம்."

இருபத்தாறு வருடப் பழக்கம் அந்த நான்கு வார்த்தைகளில் முடிந்தது. அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தலைவர், அந்த லென்ஸின் மேல் இருந்த தடை நீடிக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மறுநாள் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சொல்வதற்கு ஒரு நகைச்சுவையும் கிடைக்கவில்லை. அண்ணி என் தோளில் கை வைத்தார். அது அவர் வழக்கம் இல்லை.

லென்ஸம்மா என்னிடம் நோட்டைக் கேட்டார். நாற்பது பக்கங்களைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று போட்டார். விரிந்த கண் கூசியது. முகத்தைத் தாள்மேல் குனிந்து, இரண்டு கொக்கிகளோடு ஒரு முழு லென்ஸை வரைந்தார். அதில் மட்டும் வெட்டு இல்லை.

கீழே கட்டத்தில், வைத்தவர் என்ற இடத்தில் இயக்குநரின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். எடுத்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, நோட்டை மூடாமல், அந்த மூட்டத்தை நேரில் பார்த்த கம்பெனிக்காரர் பக்கம் தள்ளி வைத்தார்.